ஒற்றையடிப் பாதைகூட இல்லாத மலை: வேல்ஸில் நான்கு நாட்கள்

அக்டோபர் 9, புதன். லான்பெட்ர்

காலையில் பர்மிங்ஹாமில் ஏறிய ரயில், நடுவில் ஓர் ஊரில் இரண்டாகப் பிரிந்து, மத்தியானத்துக்கு மேல் கடலோரமாக ஊர்ந்து வந்தது. வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையில் இந்தத் தடத்தில் பல நிலையங்கள் மிகச் சின்னவை. ஏறுவதற்குக் கை காட்ட வேண்டும், இறங்குவதற்கு நடத்துநரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். போடியில் மினி பஸ்ஸில் போன மாதிரியே இருந்தது. நான் இறங்கியபோது அந்த நடைமேடையில் வேறு யாரும் இல்லை. காற்று மட்டும் கடலிலிருந்து நேராக முகத்தில் அடித்தது.

வந்திருப்பது ரினோக் மலைத்தொடருக்காக. எரிரி தேசியப் பூங்காவின் மேற்குப் பகுதியில் இருக்கிறது. உயரம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. தொடரின் உச்சியான ய ஹ்லெத்ர் 756 மீட்டர்தான். அதே பூங்காவில் 1,085 மீட்டர் உயரமுள்ள யர் வித்வா, ஆங்கிலத்தில் ஸ்னோடன், இருக்கிறது. கூட்டமெல்லாம் அங்கே போய்விடும். ரினோக்கைப் பற்றி மலை நடப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: இங்கே தரை கடினம். பாறை, அதன் மேல் முழங்கால் உயரப் புதர், புதருக்குள் குழி. வடக்குப் பகுதியில் பெரும்பாலான இடங்களில் பாதையே கிடையாது. மூன்று வருஷமாக வழிகாட்டிப் பலகை இருக்கிற மலைகளில் கூட்டத்தோடு நடந்திருக்கிறேன். பாதை இல்லாத இடத்தில் தனியாக ஒரு நாள் நடந்து பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை.

தங்கும் வீடு ஒரு இரவுக்கு 65 பவுண்ட், காலைச் சாப்பாட்டோடு. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் கேள்விகள் ஆரம்பித்தன. எந்த மலை, எந்த வழியாக, எத்தனை மணிக்குத் திரும்புவாய், நடுவில் முடியாமல் போனால் எந்தப் பக்கம் இறங்குவாய்? எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதச் சொல்லி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். என்னைக் 'காரியாத்' என்று கூப்பிடுகிறார். நம்மூரில் வயதானவர்கள் 'கண்ணு' என்பார்களே, அதேதான்.

ஊர்ப் பெயரை நான் 'லான்பெட்ர்' என்றதும் தலையை ஆட்டினார். வெல்ஷ் மொழியில் 'ல' இரண்டு முறை வந்தால் அது வேறு ஒலி. நாக்கு நுனியை மேல் பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இரண்டு ஓரத்திலும் காற்றை மட்டும் விட வேண்டும். நாலைந்து தரம் முயன்று பார்த்தேன், வரவில்லை. பதிலுக்கு 'தமிழ்' என்று சொல்லிப் பாருங்கள் என்றேன். அவருக்கு ழ வரவில்லை. இரண்டு பேரும் சமையலறையில் நின்றபடி கொஞ்ச நேரம் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ராத்திரி ஊர் மதுக்கடையில் 'கவுல்' சாப்பிட்டேன். ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, லீக் என்ற தடித்த வெங்காயத்தாள் எல்லாம் போட்டு வேகவைத்த சூப். கூடவே ரொட்டியும் ஒரு துண்டு சீஸும், 9.50 பவுண்ட். மிளகு கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் நம்மூர் எலும்பு ரசத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அம்மாவிடம் பேசினேன். "ஒத்தையில மலைக்குப் போகாதடி" என்றாள். பாதை இருக்கிற மலைதான் என்று சொல்லி வைத்தேன். நாளைக்கு அது உண்மை. நாளன்றைக்குப் போகப்போவதைப் பற்றிச் சொல்லவில்லை.

அக்டோபர் 10, வியாழன். ரினோக் வாவர்

வீட்டுக்கார அம்மா தன் காரிலேயே கூம் பஹான் ஏரி வரை கொண்டுவந்து விட்டார். ஆர்ட்ரோ ஆற்றை ஒட்டி ஒரே ஒரு கார் போகிற அகலத்தில் சாலை, இரண்டு பக்கமும் பாசி பிடித்த கற்சுவர். எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். போகிறவருக்கு மற்றவர் கையை உயர்த்தி நன்றி சொல்லாமல் கடப்பதில்லை.

ஏரிக்கு மேலே ஓக் மரக் காடு. அதைத் தாண்டியதும் 'ரோமன் படிகள்' தொடங்குகின்றன. பட்டைக் கற்களை வரிசையாகப் பதித்து, கணவாய் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். பெயர்தான் ரோமன். பொதிக் குதிரைகள் சரக்கு ஏற்றிப் போவதற்காக இடைக்காலத்தில் போட்ட வழியாக இருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான கருத்து. கற்களின் நடுப்பகுதி லேசாகக் குழிந்திருக்கிறது. அந்தக் குழிவில் நேற்றைய மழைத் தண்ணீர் நின்றது, ஒவ்வொரு படியிலும் ஒரு துண்டு வானம்.

இலையுதிர்காலம் இங்கே மரத்தில் மட்டும் இல்லை, தரையிலேயே தெரிகிறது. பெரணி துருவேறிய இரும்பு நிறத்துக்கு வந்துவிட்டது. ஈரமான இடங்களில் வளரும் மோலினியா புல் முழுக்க வைக்கோல் நிறம், வெயில் பட்டால் ஆரஞ்சு. ஹெதர் என்ற குட்டைப் புதர் பூத்து முடிந்து பழுப்பாக நிற்கிறது. அதற்கடியில் பில்பெரிச் செடியின் இலை மட்டும் ரத்தச் சிவப்பு. கோடையில் மொய்க்கிற சின்னக் கொசு இப்போது இல்லை.

லின் டூ, அதாவது கறுப்பு ஏரி, பேருக்கு ஏற்றபடிதான் இருந்தது. அதன் கரையிலிருந்து உச்சிக்குப் போகும் வழி பாதி நடை, பாதி கையூன்றி ஏறுவது. பாறை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. 50 கோடி வருஷத்துக்கு முந்தைய கேம்பிரியன் காலத்து மணற்கல், அதில் வெள்ளைக் கூழாங்கல் பதிந்திருக்கும். புதிதாகக் கொத்திய அம்மி மாதிரி சொரசொரப்பு. ஈரத்திலும் பூட்ஸைப் பிடித்துக்கொள்கிறது.

பாதி வழியில் முதலில் நாற்றம்தான் வந்தது. நம்மூர் கிடாய் நாற்றமே. நிமிர்ந்து பார்த்தால் பாறை விளிம்பில் ஆறேழு காட்டு ஆடுகள். எப்போதோ மனிதரிடமிருந்து தப்பிப் பெருகிய கூட்டம். கொம்பு பின்னோக்கி வளைந்த பெரிய கிடா ஒன்று என்னைப் பார்த்தபடியே அசைபோட்டுக்கொண்டிருந்தது. நான் இரண்டு கையும் ஊன்றி ஏறிய இடத்தில் ஒரு குட்டி நாலு தாவலில் போய்விட்டது.

உச்சி 720 மீட்டர். மேகம் விலகிய இருபது நிமிஷத்தில் எல்லாம் தெரிந்தது. மேற்கே கடல், அதற்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஹ்லீன் தீபகற்பம். கிழக்கே ட்ரௌஸ்வனித் ஏரிக்கரையில், 1991-இல் நிறுத்தப்பட்ட அணுமின் நிலையத்தின் இரண்டு சாம்பல் நிறக் கட்டடங்கள். தெற்கே, கூப்பிடு தூரம் போலத் தெரியும் ரினோக் வாஹ், 712 மீட்டர். வாவர் என்றால் பெரியது, வாஹ் என்றால் சின்னது. இரண்டுக்கும் நடுவே விழுந்திருக்கும் ஆழமான பிளவுக்குத் 'ட்ரூஸ் ஆர்டிதுவி' என்று பெயர், ஆர்டிதுவி நாட்டின் கதவு. வாசற்படிக்கு வெல்ஷில் 'ரினியோக்' என்பார்கள். மலைகளின் பேரும் அதுதான் என்று வீட்டுக்கார அம்மா சொன்னார். கதவுக்கு இரண்டு பக்கமும் நிலை மாதிரி இரண்டு மலை. பேர் வைத்தவன் கடல் பக்கத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் திரும்பிவிட்டேன். வீட்டுக்கார அம்மா தாளை எடுத்துப் பேனாவால் ஒரு கோடு போட்டார். ஒரு துண்டு 'பரா ப்ரித்' வைத்தார். டீயில் ஊறவைத்த உலர்திராட்சை போட்டுச் சுடும் ரொட்டி, மேலே வெண்ணெய்.

அக்டோபர் 11, வெள்ளி. கணவாய்க்கு வடக்கே

இதை ராத்திரி பதினோரு மணிக்குப் படுக்கையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இடது முழங்காலில் ஐஸ் பொட்டலம்.

தாளில் எழுதிக் கொடுத்த திட்டம் இது. கூம் பஹான், ரோமன் படிகள், கணவாய். அங்கிருந்து மலை முதுகிலேயே வடக்கு நோக்கி: க்ரைக் வியோன், க்ளிப், கடைசியில் 623 மீட்டர் மோயல் எஸ்கவர்னோகோத். முயல்களின் மொட்டை மலை என்று அர்த்தம். அதற்கு அப்பால் வெண்கலக் காலத்துக் கல்வட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டுச் சாலைக்கு இறங்குவது. மொத்தம் 13 கிலோமீட்டர். மலை நடையில் நேரம் கணக்கிட ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. அதன்படி நாலு மணி நேரம். நான் எட்டாக்கி, 'மாலை 5.30' என்று எழுதினேன். முடியாவிட்டால் மேற்கே இறங்கிக் கூம் பஹானுக்கே வருவேன் என்றும் எழுதியிருந்தேன்.

கணவாயை விட்டு விலகியபோது 10.15. அந்த நிமிஷத்திலிருந்து காலடியில் வழி என்று எதுவும் இல்லை. குரங்கணி மலையில் சின்ன வயதில் நடந்திருக்கிறேன். அங்கே எந்த மூலைக்குப் போனாலும் விறகுக்கோ மாட்டுக்கோ போய் வந்த ஒற்றையடிப் பாதை ஒன்று இருக்கும். இங்கே ஆட்டுத் தடம் பத்தடி போகும், பாறையில் முட்டி நின்றுவிடும்.

ஹெதர் புதரில் ஒரு அடி வைப்பதை மட்டும் சொல்கிறேன். மேலிருந்து பார்த்தால் மெத்தை மாதிரி சமமாகத் தெரியும். கம்பை ஊன்றினால் முக்கால் கம்பு உள்ளே போகும். அடியில் பெரிய பெரிய பாறாங்கற்கள், நடுவே சந்து, சந்தின் மேல் புதர் கூரை போட்டிருக்கிறது. அதனால் முதலில் கம்பால் தட்ட வேண்டும். கல் சத்தம் கேட்டால் பாதி எடையை வைத்து, அசைகிறதா என்று பார்த்து, பிறகு மீதி எடை. சத்தம் கேட்காவிட்டால் வேறு இடம் தட்ட வேண்டும். ஒரு மணி நேரத்தில் எத்தனை அடி வைத்தேன் என்று எண்ணியிருக்கலாம், அவ்வளவு குறைவு.

அதைவிடக் கடினம் குறுக்கே வரும் வெட்டுகள். இந்த மலை முதுகு நீளமாகப் போகாமல் படிப்படியாக அறுபட்டிருக்கிறது. நன்றாக நடந்துகொண்டே இருப்போம், திடீரென்று கால் முன்னே ஐந்தாறு மீட்டர் சுவராக இறங்கிவிடும். வரைபடத்தில் அது தெரியாது. சமவுயரக் கோடுகள் 10 மீட்டருக்கு ஒன்றுதான், ஆறு மீட்டர் சுவர் இரண்டு கோட்டுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு தடவையும் இடமோ வலமோ போய் இறங்குமிடம் தேடி, எதிர்ப்பக்கம் ஏறி, மறுபடி திசைகாட்டியைப் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு மேகம் இறங்கியது. முப்பதடிக்கு அப்பால் ஒன்றும் இல்லை. அப்புறம் மழை, காற்றோடு பக்கவாட்டில். தொலைபேசியில் இடங்காட்டி இருக்கிறது, சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். ஆனால் ஈரத் திரையை ஈர விரல் தொட்டால் அது கேட்பதில்லை. சட்டைக்குள் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், பிறகு உள்ளே வைத்துவிட்டேன். வடக்கே திசை வைத்து, தெரிகிற கடைசிப் பாறையைக் குறி வைத்து, அங்கே போய் அடுத்ததைக் குறி வைத்து நடந்தேன். அப்படிப் போகும்போது கீழே தண்ணீர் தட்டும் சத்தம் கேட்டது. பாறைக் கிண்ணத்தில் ஒரு சின்ன ஏரி. அது லின் ப்ரவெட், பூச்சிகளின் ஏரி என்று கரையின் வடிவத்தை வைத்து வரைபடத்தில் கண்டுபிடித்தபோது எனக்கு அழுகையே வந்தது. எங்கே இருக்கிறேன் என்பது தெரிந்துவிட்டது.

ஏரிக்கரைப் பாறையின் மறைவில் உட்கார்ந்து கடலைமிட்டாய் இரண்டு சாப்பிட்டேன். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய கோவில்பட்டிப் பொட்டலம். வெல்லம் குளிரில் கல்லாகியிருந்தது, வாயில் வைத்து ஊறவிட்டுத்தான் கடிக்க முடிந்தது. எங்கோ மேகத்துக்குள் அண்டங்காக்கை ஒன்று அடித்தொண்டையில் கத்தியது.

விழுந்தது அதற்கப்புறம். மணி இரண்டு இருக்கும். தட்டிப் பார்த்தேன், கல் சத்தமும் கேட்டது. எடையை வைத்ததும் கல் உருண்டு, இடது கால் தொடை வரை சந்துக்குள் போய்விட்டது. முழங்கால் பாறையில் மோதிய வலி காதுவரை கேட்டது. பயந்து இழுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தேன். விரல்களை அசைத்தேன், அசைந்தன. பாதத்தைத் திருப்பினேன், திரும்பியது. பையைக் கழற்றி முன்னால் போட்டு, அதன் மேல் படுத்து, காலை வந்த வழியிலேயே மெதுவாக வெளியே எடுத்தேன். எடுத்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. கழுத்தில் விசில் இருந்தது. நிமிஷத்துக்கு ஆறு தடவை ஊத வேண்டும், அதுதான் இங்கே உதவி கேட்கும் முறை. ஊதும்படி ஆகவில்லை. அந்தக் கால் மணி நேரமும் அந்த ஆறு என்ற எண் மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

க்ளிப் மலைக்கு முன்னால் இருக்கும் பள்ளமான கணவாய்க்கு வந்தபோது 3.40. காலையில் பாதையை விட்டு விலகிய இடத்திலிருந்து வரைபடத்தில் இரண்டரை கிலோமீட்டர்கூட இல்லை. ஐந்தரை மணி நேரம் ஆகியிருந்தது. இன்றைக்குச் சூரியன் மறைவது ஆறரைக்கு. எதிரே க்ளிப்பின் சுவர் மேகத்துக்குள் ஏறிப் போனது. மோயல் எஸ்கவர்னோகோத்தையும் கல்வட்டத்தையும் ரொம்ப ஆசைப்பட்டு வந்தேன். மேற்குப் பக்கம் திரும்பினேன்.

இறக்கமும் அதே புதர், அதே கல், இப்போது காலும் மடங்கவில்லை. பல இடங்களில் உட்கார்ந்தே நகர்ந்தேன். மேகத்துக்குக் கீழே வந்து ஏரி தெரிந்தபோது அது ஈய நிறத்தில் இருந்தது. ஆறு மணிக்குத் தலைவிளக்கைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஏரிக்கரைச் சாலையில் ஒரு காரின் முகப்பு விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. யாரோ என் விளக்கைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள் என்று புரிய எனக்குச் சில நிமிஷம் ஆனது.

சாலையை அடைந்தபோது 6.50. வீட்டுக்கார அம்மா காருக்கு வெளியே, மழையில், தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐந்தரைக்கு நான் வராததால் தாளை எடுத்துக்கொண்டு, நான் எழுதியிருந்த இரண்டாவது இடத்துக்கு நேராக வந்திருக்கிறார். ஏழு மணி வரை பார்த்துவிட்டு, சிக்னல் இருக்கிற இடத்துக்குப் போய் 999-க்குக் கூப்பிட்டு மலை மீட்புக் குழுவைக் கேட்பது என்று முடிவு செய்திருந்தாராம். திட்டவில்லை. ஏன் தாமதம் என்றும் கேட்கவில்லை. பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி, கப்பை என் இரண்டு கைக்குள்ளும் வைத்து, தன் கையால் மூடிப் பிடித்துக்கொண்டார். என் விரல்கள் பிடிக்கிற நிலையில் இல்லை என்பதைப் பார்த்திருக்கிறார்.

"மேலே வழியாகவா வந்தாய்?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "எங்கள் அப்பா ஆடு தேடி அங்கே போவார். நாய் இல்லாமல் போகமாட்டார்."

வீட்டுக்கு வந்ததும் தாளில் கோடு போட்டு, பக்கத்தில் மணியையும் எழுதினார்.

அக்டோபர் 12, சனி. கடற்கரை, ரயில்

முழங்கால் ஊதா நிறத்தில் வீங்கியிருக்கிறது, ஆனால் மடங்குகிறது. காலையில் முட்டை, காளான், கடற்பாசிக் கூழ் ஒன்று. 'லாவர்' என்ற கடற்பாசியை மணிக்கணக்கில் வேகவைத்து, ஓட்ஸ் சேர்த்து வடை மாதிரி தட்டிப் பொரித்திருந்தார். நிறம் கறுப்பு. வாய்க்குள் கடல் இருந்தது, எனக்குப் பிடித்தது, இரண்டாவதும் கேட்டு வாங்கினேன்.

பெட்ரோலுக்குப் பணம் கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. மிச்சமிருந்த கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுத்தேன். ஒன்றைக் கடித்துவிட்டு, பல் பத்திரம் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, மீதியை டப்பாவில் போட்டு மூடி வைத்தார். கிளம்பும்போது வாசலில் நின்று 'தமிழ்' என்றார். ழ முக்கால்வாசி வந்துவிட்டது. ராத்திரி முழுக்கப் பழகியிருக்க வேண்டும். என்னால் அந்த ஊர்ப் பெயரை இன்னும் சொல்ல முடியவில்லை.

அந்தக் கல்வட்டத்தைப் பற்றி அவரிடம் கேட்டேன். ப்ரின் கேடர் வானர் என்று பெயர். வட்டமாக நட்ட கற்கள் எல்லாம் வெளிப்பக்கம் சாய்ந்து கிரீடம் போல நிற்குமாம். ராணுவம் அங்கே பயிற்சி செய்தபோது சிலவற்றைச் சேதப்படுத்திவிட்டார்கள். கீழேயிருந்து போக நல்ல பாதை உண்டு, வசந்தத்தில் வா, நானும் பாதி தூரம் வருகிறேன் என்றார்.

நிலையத்தில் கை காட்டினேன், ரயில் நின்றது. அம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சில்லை. அப்புறம், "அந்தம்மா பேர் என்ன? சாமிக்கு வேண்டிக்கணும்" என்றாள்.

வானம் இன்றைக்குத் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. லான்பெட்ர் தாண்டியதும் இடது பக்க ஜன்னலில் இரண்டு நிலைகளும் நடுவே கதவும் தெளிவாகத் தெரிந்தன. அதற்கு வடக்கே, நேற்று நான் இருந்த இடம் நீளமாக, மேடு பள்ளமே இல்லாதது போலத் தெரிந்தது. மேசையில் வரைபடத்தை விரித்தேன். இன்னும் காயவில்லை, மடிப்பில் கிழிந்திருந்தது. க்ளிப்புக்குத் தெற்கே, மேற்காகத் திரும்பிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் 3.40 என்று எழுதினேன்.